பாறையை அரைத்தால் மண் கிடைத்துவிடுமா?

ஜூன் 4, காலை

வாசகர் ஒருவர் கேட்டிருப்பதை அப்படியே தருகிறேன்: "பாறை உடைந்து பொடியானால் மண். பூமியில் பாறைக்குப் பஞ்சமே இல்லை. அப்படியிருக்க, ஓர் அங்குல மண் உருவாக ஐந்நூறு ஆண்டு, ஆயிரம் ஆண்டு என்று ஏன் பயமுறுத்துகிறீர்கள்? கல் அரைக்கும் இயந்திரம் ஒரே நாளில் லாரி லாரியாகத் தூள் தள்ளுகிறதே, அது மண் இல்லையா?"

இல்லை. அது கல்தூள். ஒரு தொட்டி நிறைய கிரஷர் தூளைக் கொட்டி அதில் விதை ஊன்றிப் பார்த்திருக்கிறேன். ஊற்றிய தண்ணீர் மேலேயே தேங்கி நின்றது. காய்ந்ததும் தூள் பலகைபோல் இறுகியது. முளை வந்தது, இரண்டு இலை விட்டது, விதைக்குள் இருந்த சேமிப்புத் தீர்ந்த அன்றே வளர்ச்சி நின்றுவிட்டது. பக்கத்துத் தொட்டியில் சாதாரணத் தோட்டத்து மண். அதே விதை, அதே வெயில், அதே தண்ணீர். அது முழங்கால் உயரம் வந்தது.

நல்ல மேல்மண்ணில் ஒரு பிடி எடுத்தால், கன அளவில் ஏறத்தாழ 45 விழுக்காடுதான் கல்லிலிருந்து வந்த துகள். 5 விழுக்காடு வேர், மட்கு, உயிர்கள். மீதிப் பாதி வெற்றிடம்.

ஜூன் 4, இரவு

காலையில் "வெற்றிடம்" என்று எழுதியது உறுத்துகிறது. அது வெறுமையாகக் கிடக்கும் இடம் இல்லை. அந்தப் பாதியில் சரிபாதி தண்ணீர், சரிபாதி காற்று. மழைக்குப் பிறகு தண்ணீர் கூடும், கோடையில் காற்று கூடும். வேர் மூச்சுவிடுவது அங்கே, பூஞ்சை இழை ஓடுவது அங்கே. கல்லின் எடை ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.65 கிராம், நல்ல மேல்மண்ணின் எடை சுமார் 1.3 கிராம் என்றால், அந்த வித்தியாசம் முழுவதும் இந்த இடைவெளிகளால் வருவதுதான். பலகைபோல் இறுகிவிடும் கிரஷர் தூளில் முதலில் குறைவது இதுதான்.

ஜூன் 6

துகள் அளவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு. அமெரிக்க வேளாண் துறையின் வகைப்பாட்டில் மணல் 2 மில்லிமீட்டரிலிருந்து 0.05 வரை. வண்டல் 0.05இலிருந்து 0.002 வரை. அதற்கும் கீழே போனால் களி. இந்த எண்கள் மனத்தில் தங்காது. இப்படி நினைத்துக்கொள்ளுங்கள்: மிகப் பெரிய களித்துகளை ஒரு கடுகு அளவுக்குப் பெருக்கினால், மிகப் பெரிய மணல்துகள் ஓர் ஆள் உயரத்தையும் தாண்டி நிற்கும்.

செய்து பாருங்கள். மூடி இறுகும் கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை துணி சோப்புத் தூள். ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கி, மேசைமேல் வைத்துவிட்டு நகராமல் உட்காருங்கள். முதல் நிமிடத்திலேயே அடியில் சரசரவென்று மணல் இறங்கிவிடும். நகத்தால் புட்டியில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதன்மேல் வண்டல் மாவுபோல் மெல்லப் படியும். இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு கோடு. அதற்கு மேலே தண்ணீர் தேநீர் நிறத்திலேயே இருக்கும். மறுநாள் காலையிலும் அப்படியே இருந்தால் அது களி, இறங்க மனமில்லாமல் மிதந்துகொண்டிருக்கிறது. மட்கும் இலைத்துண்டும் மேலே மிதக்கும்.

இதன் கணக்கை 1851இல் இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் எழுதிவைத்தார்: துகளின் விட்டம் பாதியானால், விழும் வேகம் கால்பங்காகிவிடும். 0.05 மில்லிமீட்டர் துகள் பத்து சென்டிமீட்டர் ஆழம் இறங்க முக்கால் நிமிடம் போதும். 0.002 மில்லிமீட்டர் துகளுக்கு ஏறத்தாழ எட்டு மணி நேரம். இதை மனத்தில் வைத்திருங்கள், மண் அரிப்பைப் பற்றி எழுதும்போது மறுபடியும் வேண்டியிருக்கும். ஓடும் தண்ணீரில் ஒருமுறை ஏறிவிட்ட களி எளிதில் இறங்காது.

ஜூன் 9

கேள்வி கேட்டவர் விடவில்லை. "அப்படியானால் இன்னும் நைசாக அரைத்தால் களி வந்துவிடுமே?" என்கிறார்.

இந்த இடத்தில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்திருந்தேன். களி என்பது நைசாக அரைக்கப்பட்ட பாறை இல்லை. அது பாறையில் முன்பு இல்லாத ஒரு புதுத் தாது. கருங்கல்லை எடுத்துக்கொள்வோம். அதில் குவார்ட்ஸ் இருக்கிறது, ஃபெல்ட்ஸ்பார் இருக்கிறது, மின்னும் மைக்கா இருக்கிறது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது ஃபெல்ட்ஸ்பாரைத் தொடும்போது பொட்டாசியம் கழன்று போகிறது, நீர் உள்ளே புகுகிறது, எஞ்சியவை புது ஒழுங்கில் அடுக்கடுக்காகச் சேர்ந்து கயோலின் என்னும் களியாகின்றன. குவார்ட்ஸ் எதற்கும் மசியாமல் அப்படியே மணலாக நிற்கிறது. ஆகவே மணல் பாறையின் மிச்சம், களி புதுப்பிறப்பு. இயந்திரம் உடைக்கும், இந்தப் பிறப்பை அதனால் நிகழ்த்த முடியாது.

களித்தகடுகளின் மேற்பரப்பில் எதிர்மின் சுமை இருப்பதால் கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் அவற்றில் ஒட்டிக்கொள்கின்றன. வேர் வந்து ஹைட்ரஜனைக் கொடுத்து அவற்றை வாங்கிக்கொள்கிறது. விரிந்து சுருங்கும் வகைக் களியில் ஒரே ஒரு கிராமுக்கு 800 சதுர மீட்டர் வரை மேற்பரப்பு இருக்கும். ஒரு தேக்கரண்டிக்குள் ஒரு மைதானம்.

உடைக்கும் வேலையும் நடக்கத்தான் செய்கிறது. வெடிப்பில் புகுந்த நீர் உறையும்போது 9 விழுக்காடு பருத்துக் கல்லைப் பிளக்கிறது. குளிர் இல்லாத இடங்களில் வேரும் பகல் வெயிலும் அதைச் செய்கின்றன. பாறைமேல் சாம்பல் பூத்ததுபோல் ஒட்டியிருக்கும் லைக்கன் தன் அமிலத்தால் மெல்லச் சுரண்டுகிறது. ஆனால் உடைத்தது மட்டும் போதாது, ஊற வேண்டும்.

ஜூன் 10

மண்ணே இல்லாத இடத்தில் மண் எப்படித் தொடங்குகிறது என்று பார்க்க மனிதர்களுக்கு ஓர் இடம் வாய்த்தது. 1963 நவம்பரில் ஐஸ்லாந்துக்குத் தெற்கே கடலுக்கடியில் எரிமலை வெடித்து சர்ட்சி என்ற தீவு எழுந்தது. 1967 வரை குமுறல் ஓயவில்லை. ஆனாலும் 1965இலேயே ஒரு பூக்கும் தாவரம் கடற்கரையில் முளைத்துவிட்டது. அதன்பின் வெகுகாலம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் செடிகள். 1980களில் கடற்புறாக்கள் கூட்டமாகக் கூடு கட்டத் தொடங்கியதும் அந்த இடம் மட்டும் பச்சையாயிற்று. எச்சம், இறகு, மீன் மிச்சம் என்று பறவைகள் கொண்டுவந்து கொட்டியதில் நைட்ரஜன் சேர்ந்தது. எரிமலைத் தூள் தீவு முழுவதும் இருந்தது. பறவை வந்த இடத்தில்தான் அது மண்ணாகத் தொடங்கியது.

ஜூன் 15

இன்று குழி வெட்டினேன். சரிவின் நடுவில், உழவு படாத ஓர் ஓரத்தில், ஒன்றரை மீட்டர் ஆழம். இரண்டு பேர், அரை நாள். கடப்பாரை கடைசி அரை மீட்டருக்குத்தான் தேவைப்பட்டது.

வெட்டியதும் ஒன்றும் தெரியாது. மண்வெட்டியின் தகடு சுவரை இழைத்து மழுங்கடித்துவிடும். சிறு கத்தியால் மேலிருந்து கீழாக மண்ணைக் கொத்திப் பெயர்த்து, சுவரை அதன் இயல்பில் உடைய விட வேண்டும். அப்போதுதான் அடுக்குகள் வெளியே வரும். வெயில் நேராகப் படும்போது பார்க்கக்கூடாது. நிழலில் பாருங்கள், நிறம் துல்லியமாகத் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு விரல் தடிமனுக்கு இலைச்சருகு. மேற்பகுதி இலையாகவே இருக்கிறது, கீழ்ப்பகுதியில் நரம்பு மட்டும் மிச்சம், அதற்கும் கீழே கருமையான ஈரத்தூள். இதை ஓ அடுக்கு என்பார்கள். அடுத்தது ஏ, மேல்மண். இந்தக் குழியில் 22 சென்டிமீட்டர். கரும்பழுப்பு நிறம், விரலால் தட்டினால் பொலபொலவென்று குருணையாக உதிர்கிறது. நூல் நூலாக வேர்கள். ஒரு மண்புழு சுவரிலிருந்து பாதி உடலை வெளியே நீட்டி, வெளிச்சம் பட்டதும் உள்ளே இழுத்துக்கொண்டது.

பிறகு திடீரென்று நிறம் மாறுகிறது. பி அடுக்கு, அடிமண், செங்காவி நிறம். இங்கே மண் குருணையாக உதிர்வதில்லை, கட்டி கட்டியாக உடைகிறது. ஒரு கட்டியை உடைத்து அதன் முகத்தை வெளிச்சத்தில் திருப்பினால் மெழுகு பூசியதுபோல் மெல்லிய பளபளப்பு. மேலிருந்து நீரோடு இறங்கிய களி, ஓட்டைகளின் சுவரில் படிந்து உலர்ந்த பூச்சு அது. எத்தனை மழை இறங்கியிருந்தால் அந்தப் பூச்சு உண்டாகியிருக்கும் என்று யோசித்தபடி அதைக் கையிலேயே வைத்திருந்தேன். சிவப்பு, இரும்பு துருவேறியதால் வருவது.

ஒரு மீட்டருக்குக் கீழே சி அடுக்கு. பாறையின் அமைப்பு அப்படியே கண்ணுக்குத் தெரிகிறது, வரிகள்கூட இருக்கின்றன, ஆனால் கட்டைவிரலால் அழுத்தினால் பொடிகிறது. அதற்கும் கீழே கடப்பாரை "ணங்" என்று எகிறியது. தாய்ப்பாறை. அதற்கு ஆர் என்று பெயர்.

ஜூன் 16

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "எல்லா மண்ணும் இப்படித்தானா?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இல்லை. நான் பாடப்புத்தகப் படம்போல ஒரு குழியை வருணித்துவிட்டேன், அது தவறான எண்ணத்தைத் தருகிறது. ஆறு நேற்றுக் கொண்டுவந்து போட்ட வண்டலில் பி அடுக்கே இருக்காது, அதற்குக் காலம் போதவில்லை. ஊசியிலைக் காடுகளின் மணற்பாங்கான மண்ணில், ஏ அடுக்குக்கும் பி அடுக்குக்கும் நடுவே இரும்பும் களியும் கழுவப்பட்டுச் சாம்பல்வெள்ளையாக ஒரு பட்டை இருக்கும். அது ஈ அடுக்கு. கரிசலில் வேறு கதை. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது, மேல்மண் வெடிப்புக்குள் உதிர்ந்து விழுகிறது, மழையில் களி பருத்து எல்லாவற்றையும் நெருக்கி மேலே தள்ளுகிறது. தன்னைத் தானே கிளறிக்கொள்ளும் மண் அது, அதனால் அடுக்குகள் தெளிவாக நிற்பதில்லை. நீர் தேங்கும் இடத்தில் இரும்பு துருவேற முடியாமல் நீலம் கலந்த சாம்பல் நிறம் வரும், வேர் ஓடிய பாதையில் மட்டும் காற்றுப் பட்டுச் செம்புள்ளி.

செம்புறைக்கல்லையும் விட்டுவிட முடியாது. மழை வெகுகாலம் கழுவிக் கழுவி மற்றவை போய், இரும்பும் அலுமினியமும் தங்கிய மண். தோண்டும்போது மண்வெட்டியால் வெட்டலாம், காற்றும் வெயிலும் பட்டதும் கல்லாகிவிடும். கேரளத்தின் அங்காடிப்புரத்தில் அதைப் பார்த்த பயணி புக்கானன், 1807இல் வந்த தன் நூலில், செங்கல்லுக்கான லத்தீன் சொல்லிலிருந்து லேட்டரைட் என்று பெயர் வைத்தார். பாறையிலிருந்து மண் வருவது மட்டுமில்லை, மண்ணே மறுபடியும் பாறையாகும்.

ஜூன் 22

இப்போது அந்த "ஆயிரம் ஆண்டு".

தாய்ப்பாறை, தட்பவெப்பம், உயிர்கள், நிலத்தின் சரிவு, காலம் ஆகிய ஐந்தும் சேர்ந்துதான் மண் என்பதை ரஷ்யாவின் டோக்குசாயேவ் 1880களில் நிறுவினார். கருமண் சமவெளிகளைச் சுற்றி அலைந்து, மண் தனக்கென்று ஒரு பிறப்பும் வரலாறும் உள்ள தனி இயற்கைப் பொருள் என்று 1883இல் எழுதினார். 1941இல் மண்ணியலாளர் ஹான்ஸ் ஜென்னி அந்த ஐந்தையும் ஒரே சமன்பாட்டில் வைத்தார். ஐந்தில் ஒன்று மாறினாலும் வேகம் மாறும். ஆகவே எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது.

பல இடங்களில் பாறையிலிருந்து மண் பிறக்கும் வேகம் ஆண்டுக்கு 0.01 மில்லிமீட்டருக்கும் 0.1 மில்லிமீட்டருக்கும் இடையே வருகிறது. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். வகுத்துப் பாருங்கள்: 254 ஆண்டுகளிலிருந்து 2,540 ஆண்டுகள் வரை. ஐந்நூறு என்றவரும் ஆயிரம் என்றவரும் இதற்குள்தான் இருக்கிறார்கள். பயமுறுத்தல் எதுவும் இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. 1997இல் கலிஃபோர்னியக் குன்றுகளில், மண்ணுக்கு அடியில் இருக்கும் பாறையில் பெரிலியம்-10, அலுமினியம்-26 அளவுகளைக் கணக்கிட்டார்கள். விண்வெளிக் கதிர்கள் பாறையைத் தாக்கும்போது உண்டாகும் அணுக்கள் இவை. மேலே மண் தடிமனாக இருக்கும் இடத்தில் அடியில் பாறை மண்ணாகும் வேகம் குறைவு. தடிமன் கூடக் கூட வேகம் மடங்கு மடங்காகச் சரிகிறது. தான் வளர வளர, மண் தன் தாய்ப்பாறைக்குத் தானே போர்வையாகி, தன் பிறப்பை மெதுவாக்கிக்கொள்கிறது.

ஜூன் 23

மழை வாசனையைப் பற்றிக் கேட்டவருக்கு. விஷயத்தை விட்டு விலகுகிறது என்று தெரியும், ஆனாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. வறண்ட மண்ணில் முதல் மழை விழும்போது எழும் மணத்துக்கு 1964இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இசபெல் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் பெட்ரிக்கோர் என்று பெயரிட்டார்கள். ஈர மண்ணின் மணத்துக்கு முக்கியக் காரணம் ஜியோஸ்மின் என்ற சேர்மம். ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற மண் நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. நம் மூக்கு அதை லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே பிடித்துவிடும். 2020இல் வந்த ஓர் ஆய்வு, அந்த மணம் ஸ்பிரிங்டெயில் என்ற சிறு மண்வாழ் உயிரை ஈர்க்கிறது, அது வந்து உண்டு நுண்ணுயிரின் வித்துகளைச் சுமந்து பரப்புகிறது என்று காட்டியது.

நான் குழிச் சுவரின் ஒவ்வொரு அடுக்கையும் முகர்ந்து பார்ப்பேன். ஏ அடுக்கில் மணம் உண்டு. சி அடுக்கில் கிடையாது. கிரஷர் தூளிலும் கிடையாது.

ஜூலை 2

மண்புழுவை இரண்டே வரியில் கடந்துவிட்டேன் என்று ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். நியாயம்தான். டார்வின் 1842இல் தன் வீட்டருகே ஒரு புல்வெளியில் சுண்ணக்கட்டித் துண்டுகளைப் பரப்பிவிட்டார். 29 ஆண்டுகள் காத்திருந்தார். 1871இல் குறுக்கே ஒரு பள்ளம் வெட்டியபோது, அந்த வெள்ளைத் துண்டுகள் வரிசை குலையாமல் ஏழு அங்குலம் கீழே இருந்தன. கட்டிகள் தாமாக இறங்கவில்லை. புழுக்கள் அடியிலிருந்து மண்ணை விழுங்கி வந்து மேலே கழித்துக் கழித்து, புதைத்துவிட்டிருந்தன.

இதைப் படித்துவிட்டு ஒருவர், "29 ஆண்டில் ஏழு அங்குலம் என்றால், நீங்கள் சொன்ன ஆயிரம் ஆண்டு பொய்தானே?" என்கிறார். இரண்டையும் குழப்பக்கூடாது. புழு புது மண்ணைப் பாறையிலிருந்து செய்யவில்லை, இருக்கிற மண்ணைப் புரட்டியது. ஆனால் அந்தப் புரட்டல்தான் மேல்மண்ணைக் குருணையாக்குகிறது. பாறைப்பொடி பிறக்கப் பல நூற்றாண்டு வேண்டும். பொடி இருந்துவிட்டால், அதில் மட்கு சேர்ந்து பொலபொலப்பு வரச் சில பத்தாண்டுகள் போதும். நான் முன்பே இதைப் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஜூலை 19

நேற்று இரவு நல்ல மழை. காலையில் வெறுமையாகக் கிடந்த பாத்தியில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். சிறு கூழாங்கல் ஒவ்வொன்றும் தன் கீழே ஒரு மண்தூணை வைத்துக்கொண்டு நிற்கிறது. கல் குடைபோல் காத்த இடத்தில் மண் நின்றது, சுற்றிலும் இருந்த மண் போய்விட்டது. அளவுகோலை வைத்துப் பார்த்தேன். 6 மில்லிமீட்டர். ஒரு காய்ந்த இலைக்கு அடியிலும் இலையின் வடிவத்திலேயே ஒரு மேடை, விளிம்பில் இலையின் பல்வெட்டுக்கூடத் தெரிகிறது.

பெரிய மழைத்துளி தரையைத் தொடும்போது அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர். துகள்கள் அறுபது சென்டிமீட்டர் உயரம் எகிறும், ஒன்றரை மீட்டர் தள்ளிப்போய் விழும். மழைக்குப் பிறகு சுவரின் அடிப்பகுதியில் முழங்காலளவுக்குச் செந்தெறிப்பு இருக்குமே, அது அதுதான். சிதறிய நுண்துகள் ஓட்டைகளை அடைத்து மேலே ஒரு மெல்லிய ஏடு படிகிறது. அடுத்த மழை உள்ளே இறங்க வழியில்லாமல் மேலேயே ஓடுகிறது. முதலில் தகடுபோல் பரவலாக, பிறகு விரல் அகலச் சிற்றோடைகளாக, கடைசியில் தாண்ட முடியாத பள்ளமாக. பள்ளத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் பதறுகிறார்கள். தகடாகப் போகும்போது யாருக்கும் தெரிவதில்லை.

6 மில்லிமீட்டர் என்றால் ஒரு ஹெக்டேருக்கு 60 கன மீட்டர், சுமார் 78 டன். ஒரே இரவில்! அளவுகோலைப் பிடித்திருந்த கை நடுங்கியது.

ஜூலை 21

திருத்தம். 78 டன் என்று எழுதியது தவறு. மண்தூண் அந்தப் பாத்தி கொத்தப்பட்ட நாளிலிருந்து விழுந்த எல்லா மழையின் கணக்கு. ஒரே இரவினது இல்லை. தூணைச் சுற்றியிருந்த மண்ணில் ஒரு பகுதி பக்கத்திலேயே விழுந்திருக்கும். கொத்திய மண் மழையில் அமுங்கியதும் தாழ்வாகத் தெரியும். பதற்றத்தில் கணக்குப் போடக்கூடாது என்று தெரிந்தும் போட்டுவிட்டேன்.

சரியாக அளக்க இன்று ஆணி அடித்திருக்கிறேன். ஒரு சாண் நீள ஆணிகள் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு வாஷரைக் கோத்து, வாஷர் தரையில் படியும்படி வைத்து, ஆணியின் தலை சரியாக 3 சென்டிமீட்டர் மேலே நிற்கும் வரை இறக்கியிருக்கிறேன். மண் போனால் வாஷர் கீழே இறங்கும். நான்கு வெறும் மண்ணில், நான்கு சருகு மூடாக்குக்குள், நான்கு சரிவின் அடியில் வெட்டிவேர் வரிசைக்குச் சற்று மேலே.

ஜூலை 30

இதை எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நிலத்தைச் சமன்படுத்த ஓர் ஒப்பந்தக்காரரிடம் விட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது நிலம் மேசைபோல் இருந்தது. மேட்டிலிருந்த மேல்மண் முழுவதையும் வழித்துப் பள்ளத்தில் தள்ளி, அதன்மேல் அடிமண்ணைப் போட்டு இறுக்கியிருந்தார்கள். மேல்மண் கீழே, அடிமண் மேலே. "மண்தானே சார், எல்லாம் ஒன்றுதானே" என்றார் இயந்திரம் ஓட்டியவர். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நான் அன்று அங்கே நின்றிருக்க வேண்டும்.

மூன்று ஆண்டுகள் அங்கே எது நட்டாலும் மஞ்சளடித்தது. மழை இறங்கவில்லை. நான்காம் ஆண்டு பயறு விதைத்து மடக்கி, சருகு கொட்டி, தொடாமல் விட்டேன். ஏழாம் ஆண்டில்தான் முதல் புழுக்கழிவைப் பார்த்தேன். ஒரு விரல் நுனி அளவு. மண் உருவாக எத்தனை ஆண்டு என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

ஆகஸ்ட் 11

"அரிப்பு இயற்கை. அரிப்பு இல்லாவிட்டால் டெல்டா ஏது?" என்று எழுதியவர் சொல்வது உண்மை. இன்னும் ஒரு படி மேலே போகிறேன்: அரிப்பே இல்லாத மண் கிழடாகிவிடும். ஹவாய்த் தீவுகளில் 300 ஆண்டு வயதான எரிமலைக் குழம்பிலிருந்து 41 லட்சம் ஆண்டு வயதான நிலம் வரை வரிசையாக மண் கிடைக்கிறது. மிகப் பழையதில் பாறை தந்த சத்துகள் கரைந்துபோய்விட்டன, பாஸ்பரஸ் இரும்போடும் அலுமினியத்தோடும் பூட்டிக்கொண்டது. அங்கே காடு பிழைப்பது பெரிதும் ஆசியாவிலிருந்து கடல் தாண்டி வரும் தூசியால். அமேசானுக்கும் சகாராவின் தூசி போகிறது. அதில் ஆண்டுக்கு ஏறத்தாழ 22,000 டன் பாஸ்பரஸ் என்று 2015இல் கணக்கிட்டார்கள். ஓரிடத்தின் அரிப்பு இன்னோரிடத்தின் உணவு.

ஆகவே அரிப்பு கூடாது என்பது என் வாதம் இல்லை. வரவும் செலவும் ஒத்துப்போக வேண்டும் என்பதுதான். 2007இல் நிலவியலாளர் மாண்ட்கோமரி உலகெங்கிலுமிருந்து அளவுகளைத் திரட்டிப் பார்த்தார். வழக்கமான உழவு நிலங்களில் மண் போகும் வேகம், மண் பிறக்கும் வேகத்தைவிடப் பத்து மடங்கிலிருந்து நூறு மடங்கு. அமெரிக்காவில் "தாங்கக்கூடிய இழப்பு" என்று வைத்திருந்த உச்ச அளவு ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 டன். ஹெக்டேருக்கு மாற்றினால் 11 டன், தடிமனில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பிறப்பதோ நல்ல இடத்திலும் 0.1 மில்லிமீட்டர், அதாவது 1.3 டன். அந்த எண்ணை முதலில் பார்த்தபோது நான் இரண்டு முறை வகுத்துப் பார்த்தேன்.

செப்டம்பர் 5

காற்றைப் பற்றிச் சுருக்கமாக. காற்றில் மண் மூன்று வகையாக நகர்கிறது. பெரிய துகள் உருளும், நடுத்தரத் துகள் துள்ளித் துள்ளிப் போகும், நுண்துகள் மேலே ஏறி மிதக்கும். பெரும்பகுதி நகர்வது துள்ளலில்தான். துள்ளும் துகள் விழும் இடத்தில் மோதி அடுத்ததைக் கிளப்பும். 1935 ஏப்ரல் 14 அன்று அமெரிக்கச் சமவெளிகளில் எழுந்த புழுதிச் சுவர் பகலை இரவாக்கியது. வேர் போட்டுப் பின்னியிருந்த புல்வெளியை உழுது புரட்டியிருந்தார்கள், பிறகு மழை பொய்த்தது. அதே மாதம் 27ஆம் தேதி அங்கே மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

போன மண்ணை எப்படி அளப்பது என்று கேட்டவருக்கு: 1950களிலும் 60களிலும் வெடித்த அணுகுண்டுச் சோதனைகளின் சீசியம்-137 என்னும் கதிரியக்கப் பொருள் உலகம் முழுவதும் மழையோடு இறங்கியது, 1963இல் உச்சம். அது களியில் விடாமல் ஒட்டிக்கொள்ளும். கலையாத இடத்தில் எவ்வளவு இருக்கிறது, சரிவில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ஒப்பிட்டால் அதுமுதல் எவ்வளவு மண் போனது என்று தெரிந்துவிடும். அழிவுக்குச் செய்த ஒன்று மண்ணுக்குக் கணக்குப்பிள்ளையாக நிற்கிறது.

அக்டோபர் 3

எளிய சோதனை ஒன்று. வெவ்வேறு இடத்திலிருந்து நன்றாகக் காய்ந்த மண்கட்டி இரண்டு எடுங்கள். கம்பி வலைமேல் வைத்துத் தண்ணீருக்குள் மெல்ல இறக்குங்கள். அடிக்கடி உழுத பாத்தியின் கட்டி சில நொடிகளில் நுரைத்துப் புகைபோல் கரைந்து அடியில் சேறாகிவிட்டது. குழி வெட்டிய ஓரத்துக் கட்டி குமிழி விட்டது, ஈரமானது, அப்படியே நின்றது. மாலை வரை நின்றது. இரண்டிலும் மணல், வண்டல், களி விகிதம் ஏறத்தாழ ஒன்றே, புட்டியில் பார்த்துவிட்டேன். வித்தியாசம் பூஞ்சை இழைகளும், நுண்ணுயிர்கள் சுரக்கும் பசையும், மட்கும்.

வெட்டிவேரைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். வேர் பக்கவாட்டில் பரவாமல் நேர் கீழே மூன்று மீட்டர் வரைகூடப் போகும், தண்டு நெருக்கமாக நின்று நீரை வடிகட்டும், மண் பின்னால் தங்கும். 1980களில் உலக வங்கி வல்லுநர்கள் பல நாடுகளுக்கு அதை எடுத்துச் சென்றார்கள். புல்லோடு அதன் தமிழ்ப் பெயரும் போயிற்று. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இன்று அதன் பெயர் நம் சொல்தான்.

நவம்பர் 19

பருவம் முடிந்தது. ஆணிகளைப் பார்த்தேன்.

வெறும் மண்ணில் நான்கில் மூன்று வாஷர்கள் 4 முதல் 7 மில்லிமீட்டர் இறங்கியிருக்கின்றன. நான்காவது சாய்ந்துவிட்டது, அதைச் சேர்க்கவில்லை. இங்கும் அமுங்கல் கொஞ்சம் கலந்திருக்கும். மூடாக்குக்குள் இருந்த நான்கிலும் என் அளவுகோலால் பிரித்தறியும் அளவுக்கு மாற்றமில்லை. சருகை விலக்கியபோது வாஷர்மேல் புழுக்கழிவு ஒட்டியிருந்தது.

முதல் கேள்வி கேட்டவர் தானும் ஒரு தொட்டியில் கிரஷர் தூள் வைத்திருக்கிறார். சருகும் சாண எருவும் கலந்து, ஒரு பிடி தோட்டத்து மண்ணும் போட்டாராம். "மணம் இன்னும் வரவில்லை" என்று எழுதியிருக்கிறார். விடாமல் முகர்ந்து பாருங்கள் ஐயா, ஈரம் மட்டும் காயவிடாதீர்கள்.

வெட்டிவேர் வரிசைக்கு மேலே அடித்த நான்கு ஆணிகளையும் முதலில் காணவில்லை என்று நினைத்தேன். ஒன்றின் தலை மட்டும் லேசாகத் தெரிந்தது. பக்கத்தில் விரலை விட்டுத் துழாவினேன். மென்மையான, புது மண். இரண்டரை சென்டிமீட்டர் கீழே விரல் நுனியில் வாஷர் தட்டுப்பட்டது.